மூடியில் வெட்டின பேர்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் ஆர்மோனியம் வாசிக்கிற கிரேஸ்லின் அக்கா. போன வருஷம் லெந்து நாளில், ஒரு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவளுக்குச் சொன்னது சாயர்புரம் செல்லக்கனியேதான். ஒருத்தியிடமாவது இறக்கி வைக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்றாளாம். நடந்தது என்ன என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, பாளையங்கோட்டையில் மகள் வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, மீன் பொரிந்து வருகிற வரைக்கும் ஒரு தாய் காத்திருந்தாள். அவ்வளவுதான்.

சோபாவின் ஓரத்தில், இப்போதே எழுந்து போகப்போகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள் செல்லக்கனி. மகள் வீட்டில் முழுசாகச் சாய்ந்து உட்காருகிற பழக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை. மருமகன் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டப் போயிருந்தார். பேத்திகள் இரண்டும் ஓய்வுநாள் பள்ளியில் கூட்டிப்போன சுற்றுலாவில். அடுப்பங்கரையில் பியூலா மட்டும் மீனுக்கு மசாலா பிசறிக்கொண்டிருந்தாள். "எம்மா, சீலா மீனு. கொழம்பு போதுமா, பொரிக்கவும் செய்யட்டா?" "ஒனக்கு எது தோதோ அதைச் செய்யி." "வாயத் தொறந்து இது வேணும்னு கேட்டா ஒன் சொத்து கொறைஞ்சிருமாக்கும்," என்று சிரித்தாள் பியூலா. அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டேதான் செல்லக்கனி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள், கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டாள், ஈரச்சொல் என்கிற கவிதைக் கூட்டத்தைத் திறந்தாள். இன்றைக்கு ஞாயிறு. நிலவூரான் போட்டிருப்பார். கோயிலில் ஐயர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோதே இரண்டு தடவை பைக்குள் கை போய்விட்டது, ஆண்டவர் மன்னிக்கட்டும், கையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிலவூரான் போட்டிருந்தார். அவளுடைய கவிதைதான். வெள்ளைத்தாளில், நீல மையில், கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்த எழுத்தில், அவள் புதன்கிழமை எழுதிய 'விதவையின் கொடிக்கயிறு', முழுசாக, ஒரு வரி விடாமல். தாள் காற்றில் பறக்காமலிருக்க மேல்முனையில் ஒரு மூடியை வைத்திருந்தார். தூக்குவாளி மூடி. எவர்சில்வர். அதில் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது. அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினாள். எழுத்தைப் பெரிசாக்கித் தன் கவிதையைப் பார்க்கத்தான் பெரிசாக்கினாள். விரல் கொஞ்சம் மேலே போய்விட்டது. ஏ. செல்லக்கனி, சாயர்புரம்.

ஈரச்சொல் கவிதைக் குடும்பம் என்பது போனில் இருக்கிற ஒரு கூட்டம். வீட்டுக்காரர் ஏசுவடியான் அடக்கமாகி ஆறாம் மாதம், "சும்மா செவத்தப் பாத்துக்கிட்டே இருக்காதம்மா" என்று பியூலாதான் அதில் சேர்த்துவிட்டாள். ஸ்கூலில் படிக்கிற காலத்திலேயே செல்லக்கனி கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பாட்டு எழுதிக்கொடுத்தவள். கல்யாணத்தோடு அது போயிற்று. ஈரச்சொல்லில் ஒரு வழக்கம் உண்டு. தன் கவிதையைப் போடுகிறதுக்கு முன்னால் மற்றவர்கள் மூன்று பேருக்குப் பூ வைக்க வேண்டும். பூ என்றால் படத்தில் இருக்கிற பூ. கூட ஒரு வார்த்தை. அருமை. அருமையோ அருமை. வரி ஒவ்வொன்றும் முத்து. படித்துவிட்டுத்தான் வைத்தார்களா என்று யாரும் யாரையும் கேட்கிறதில்லை. ஒரு தடவை ஒருத்தர் தன் தகப்பனார் இறந்துபோன செய்தியையும் அடக்க நேரத்தையும் போட்டுவிட்டார். அதற்கும் ஒரு கூட்டமே வந்து அருமை என்று பூ வைத்துவிட்டுப் போனது, அவரும் ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறே. அன்றைக்குக் கைப்பிரதி. அந்த வாரத்தில் மனசுக்குப் பிடித்த கவிதை ஒன்றைக் கையால் எழுதி, படம் பிடித்துப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு செம்பருத்தியோ காப்பித் தம்ளரோ வைப்பார்கள். கையால் எழுதுகிறவன் படித்திருக்கிறான் என்று அர்த்தம். ஆகவே ஞாயிறுதான் உண்மை. செல்லக்கனியை ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் எழுதவில்லை, மாதக்கணக்காக. அவள் ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்ப்பாள், பந்தியில் இலை போடாமல் விட்டவளைப் போல. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவூரான் என்கிற பேரில் ஒருத்தர் வந்து அவள் கவிதையைக் கையால் எழுதிப் போட்டார்.

இந்த வீட்டு மூடி. இந்த வீட்டு மூடிதான், சந்தேகமே இல்லை. பியூலா கல்யாணத்துக்கு முந்திரிக்கொத்து நிறைத்துக் கொடுத்த தூக்குவாளி. தூத்துக்குடியில் பாத்திரக்கடையில் பேர் வெட்டும்போது கடைக்காரன், "அய்யா பேரத்தான போடணும்" என்றான், அவள் அன்றைக்கு ஒரு நாள்தான் வீம்பு பிடித்தாள், என் பேரைப் போடு என்று. ஏசுவடியான் வெளியே போய் நின்றுகொண்டார். டிர்ர்ர் என்று அந்த மிஷின் அவள் பேரைக் குத்திக்கொண்டே போனதை அவள் நின்று பார்த்தாள். தன் பேர் ஒரு பொருளின் மேல் வந்தது அன்றைக்குத்தான். க-வுக்குப் பக்கத்தில் மிஷின் வழுக்கி ஒரு புள்ளி வெளியே போய்விட்டது. படத்தில் அந்தப் புள்ளியும் இருந்தது. இது எப்படி நிலவூரானிடம் போயிருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாள் பாருங்கள், அதுதான் மனுஷ மனசு. பியூலா யாருக்காவது பலகாரம் கொடுத்துவிட்டிருப்பாளோ, வாளி திரும்பி வராமல் போயிருக்குமோ, அவர் பாளையங்கோட்டைக்காரரோ, பக்கத்துத் தெருவோ. அப்படியானால் அவரை ஒரு நாள் நேரில். அந்த நினைப்பு அப்படியே பாதியில் நின்றது. அடுப்பங்கரை வாசலுக்கு நேரே அலமாரியில் தூக்குவாளி இருந்தது. மூடி போட்டிருந்தது.

பியூலா. நிலவூரான் பியூலா. செல்லக்கனி முகத்தில் முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஒரு சிரிப்பு. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சிரிக்கிறவளைப் போல ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. "முகம் காட்டாத கவியே, உங்கள் கண்களைப் பார்த்தபடி உங்கள் வரிகளைப் படிக்க ஆசை" என்று அவர் எழுதினார். ஈரச்சொல்லில் தன் பேருக்குப் பக்கத்தில் வைத்திருந்த அல்லிப்பூ படத்தை எடுத்துவிட்டு அவள் தன் படத்தைப் போட்டாள். அந்தப் படத்தை எடுத்தது யார்? "ஏட்டி, ஒரு போட்டோ எடுத்துத் தா, ஆதாருக்குக் கேக்காங்க" என்று பொய் சொல்லி இதே ஹாலில் இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள், பவுடர் போட்டு, வீட்டுக்காரர் போன பிறகு எடுத்துவைத்துவிட்ட மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு. "ஆதாருக்கா இந்தச் சேலை," என்றாள் பியூலா. "கொஞ்சம் சிரிம்மா." சிரித்தாள். அவள் கண்ணாடிச் சட்டம் மாற்றியதும் அதற்காகத்தான். மருமகன் போன மாதம் சாப்பிடும்போது, "அத்தைக்கு ரசிகர் மன்றமே வச்சிருக்காகளாமே" என்றதும், மேஜைக்குக் கீழே எதுவோ இடித்ததும், அவர் ஸ் என்று காலை இழுத்துக்கொண்டதும். அந்தச் சாய்ந்த எழுத்து மருமகன் எழுத்தேதான், கல்யாணப் பத்திரிகையில் விலாசம் எழுதிய எழுத்து. இரண்டு பேரும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன எழுதலாம் கெழவிக்கு என்று. இல்லை, பியூலா அப்படிச் சொல்லமாட்டாள். பியூலாவுக்கு இரக்கம் ஜாஸ்தி. இரக்கம் என்றால் அது இதைவிட மோசம். காலை ஜெபத்தில் மகன் ஜெபசிங்குக்காக, பியூலாவுக்காக, பேத்திகளுக்காக, அப்புறம் உமது பிள்ளை நிலவூரானுக்காக என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆண்டவர் ஒரே ஆளுக்கு இரண்டு தரம் கேட்கிறாளே என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பார். "உங்கள் வயிற்றில் பிறந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்" என்று அவர் எழுதியபோது அவள் என்ன பதில் எழுதினாள்? அது இப்போது ஆணி மாதிரி வந்து நின்றது. மகள் ஒருத்தி இருக்கிறாள் ஐயா, அவளுக்கு இதெல்லாம் புரியாது, அவள் வேறு மாதிரி என்று எழுதினாள். வேறு மாதிரி. அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே பியூலா அவளுக்குத் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டாள். எத்தனை அழுத்தித் தேய்த்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் தேய்த்தாள்.

அப்புறம்தான் நேற்றைக்கு எழுதியது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்லக்கூடாது, அது இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்தது, பாம்பு கட்டிலுக்குக் கீழே இருக்கிற மாதிரி. நேற்று சாயங்காலம், விளக்கு வைத்து, தனியாக ஜெபம் பண்ணிவிட்டு, அவள் ஒரு கவிதையைக் குடும்பத்தில் போடாமல் நிலவூரானின் உள்பெட்டிக்கு அனுப்பினாள். இதை யாருக்கும் காட்டியதில்லை, உங்களுக்கு மட்டும், என்று மேலே எழுதி. பப்பாளிக்காய் தின்றேன். எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்றேன். நீ உதிரவில்லை. ஆஸ்பத்திரிப் படி ஏறினேன். நர்சம்மா கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். நீ பிழைத்தாய். சபையில் எழுந்து நின்று கேட்டு வாங்கினேன் என்றேன். என் முதல் கவிதை அந்தப் பொய்தான். இவ்வளவுதான் கவிதை. இதை எழுத அவளுக்கு ஒரு ஆயுசு ஆயிற்று. ஜெபசிங் பிறந்து கைக்குழந்தை, நாள் தவறாமல் இழுப்பு, ஏசுவடியானுக்கு மில்லில் கதவை மூடிவிட்டார்கள், அந்த நேரத்தில் வயிற்றில் இன்னொன்று. யாரையும் கேட்காமல் அவளாக முடிவு செய்து அவளாகத் தின்றாள். வயிறு இறுகி வலித்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. உள்ளே இருந்தது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. பிறந்தபோது பிள்ளை தங்கம் மாதிரி இருந்தது. ஞானஸ்நானத்தன்று ஐயர் சாட்சி சொல்லச் சொன்னார், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் எழுந்து நின்று, இது நான் ஜெபத்தில் வாங்கின பிள்ளை என்றாள். பயம்தான் அப்படிப் பேச வைத்தது. பேசினது பேசினதுதான். பியூலா அந்த வார்த்தையில் வளர்ந்தாள். ஸ்கூலில் சண்டை வந்தால், "நான் ஜெபத்துல வாங்குன பிள்ள, தெரியும்லா" என்பாள். கல்யாணத்தில் ஐயர் அதைச் சொல்லித்தான் ஆசீர்வதித்தார். இப்போது பேத்திகளுக்குச் சொல்கிறாள், ஆச்சி என்னைய ஆண்டவர்ட்ட கேட்டு வாங்குனாங்க. அந்தப் பிள்ளையின் கையில்தான் அவள் இதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். உங்களுக்கு மட்டும் என்று எழுதி.

பார்த்துவிட்டாளா? உள்பெட்டியைத் திறந்தாள். படித்துவிட்டால் அவருடைய படம், அந்த நிலாவும் பனைமரமும், சின்ன வட்டமாகக் கீழே வந்து உட்காரும், பியூலாதான் சொல்லிக்கொடுத்தாள். வட்டம் வரவில்லை. இன்னும் பார்க்கவில்லை. நேற்று சாயங்காலம் பியூலா வீட்டில் மருமகனின் அக்காமார் வந்திருந்தார்கள், காலையில் கோயில், வந்ததிலிருந்து மீன். கவிதைப் படத்தை மட்டும் அவசரமாகப் போட்டிருப்பாள், உள்பெட்டியைப் பார்க்க நேரமில்லை. அப்படியானால் அழித்துவிடலாம். எப்படி அழிக்கிறது? அதைப் பியூலாவிடம்தான் கேட்க வேண்டும். போனில் அவளுக்குத் தெரிந்தது எல்லாமே பியூலா சொல்லிக்கொடுத்தது, அதற்கு மேலே ஒன்றும் தெரியாது. "ஏ பியூலா," என்று கூப்பிட்டுவிட்டாள். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல. தண்ணி." "ஃபிரிஜ்ல இருக்கு பாரு, எடுத்துக்கோ. எங்கை பூரா மசாலா." எங்கை பூரா மசாலா. ஆண்டவரே ஸ்தோத்திரம். அந்தக் கையில் மசாலா இருக்கிற வரைக்கும் காலம் இருக்கிறது. செல்லக்கனி எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பியூலாவின் போன் ஃபிரிஜ் தலைமேல் சார்ஜரில் குப்புறக் கிடந்தது. மகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து மசாலாவில் இரண்டு பக்கமும் அழுத்தி, தட்டில் அடுக்கினாள். கழுத்துக்குப் பின்னால் வேர்வையில் முடி ஒட்டியிருந்தது. பிறந்தபோதும் அந்த இடத்தில் முடி அப்படித்தான் ஒட்டியிருந்தது. போனை எடுத்துத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டால்? கை தவறி விழுந்துட்டுட்டி. எடுக்கக் கை நீட்டினாள், தொட்டாள், சார்ஜ் ஏறிச் சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. குடத்தில் போட்டாலும் அது போனுக்குள்ளேயா இருக்கிறது, எங்கேயோ ஆகாயத்தில் அல்லவா இருக்கிறது, வேறே போன் வாங்கினால் அங்கேயும் வந்து நிற்கும். திறக்கலாம் என்றால் அதற்குப் பியூலாவின் விரல் வேண்டும். "என்னம்மா, பாட்டிலத் தேடுதியா? கதவுல இருக்கு." "ம்." "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" "பஸ்ஸுல வந்த அலுப்பு." "போய் ஃபேனுக்கடில உக்காரு. பத்து நிமிசம்."

உட்கார்ந்தாள். இப்போதே மகளிடம் சொல்லிவிட்டால் என்ன? ஏட்டி, அந்த நிலவூரான் நீதான்னு எனக்குத் தெரியும், நேத்து ஒண்ணு அனுப்பியிருக்கேன், அதைப் பாக்காம அழிச்சிரு, ஒங்கம்மா கேக்கேன். சொல்லலாம். பியூலா நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பாள். கேட்பாளா? பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கிற பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது. அதோடு, நீதான் அவர் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அப்புறம் நிலவூரான் இல்லை. அதை நினைக்கும்போது அவளுக்கு வந்த துக்கத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஏசுவடியான் பெட்டியை மூடியபோதுகூட அப்படி வரவில்லை என்றாளாம். இல்லாத ஒரு மனுஷன், பெற்ற பிள்ளையின் விளையாட்டு, அவன் போய்விடுவான் என்று பெற்ற பிள்ளையின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்து முதல் துண்டு விழுந்த சத்தம் கேட்டது. சோ என்று. ஊர்ப்பட்ட மழை மாதிரி. அவள் அந்தக் கவிதையின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள், எதுவோ ஒன்று எழும்பி வந்தது, நீக்கவா என்று கேட்டது, கண் கலங்கிப்போய் இன்னும் என்னவோ எழுதியிருந்ததைப் படிக்கவில்லை, கையில் அகப்பட்டதை அழுத்தினாள். கவிதை போய்விட்டது. அது இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். இல்லை. பப்பாளிக்காய் இல்லை, எள்ளு இல்லை, நர்சம்மா இல்லை. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டாள். ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம், இனி ஒரு நாளும். இனி ஒரு நாளும் என்ன என்று முடிக்கத் தெரியவில்லை, அவருக்குத் தெரியும்.

அப்புறம் சாப்பாடு நன்றாக இறங்கியது. அதையும் சொல்ல வேண்டும். பியூலா கை கழுவிக்கொண்டு வந்து தட்டு வைத்தாள், "நீ ஜெபம் பண்ணும்மா" என்றாள். செல்லக்கனி கண்ணை மூடி, கொடுத்த ஆகாரத்துக்காகவும் கொடுத்த பிள்ளைகளுக்காகவும் என்று சொன்னபோது குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. புளிக்குழம்பு, சுடுசோறு, ஓரத்தில் முறுகிய நடுத்துண்டு. நாக்கில் மிளகு ஏறியது. அவளுக்கு மகள் மேல் பிரியம் பொங்கி வந்தது, அகப்பட்ட திருடனை விட்டுவிட்டால் அவனுக்கு ஊர் மேல் வருகிற பிரியம் மாதிரி. "நல்லாருக்குட்டி," என்றாள். பியூலா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொன்ன?" "மீனு நல்லாருக்குன்னேன்." "இன்னிக்கு மழ வரும்," என்று சிரித்துவிட்டு எழுந்தாள் மகள். "இரு, அடுத்த ஈடு போட்டுட்டு வாரேன். சூடாத் தின்னு." போகிற வழியில் ஃபிரிஜ் தலைமேலிருந்து போனை எடுத்துக்கொண்டு போனாள். போகட்டும். இனி அதில் ஒன்றும் இல்லை. எண்ணெயில் துண்டு விழுந்த சத்தம் கேட்டது. செல்லக்கனி முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். அவளுக்கு நாளைக்கு எழுதவேண்டிய கவிதையின் முதல் வரிகூட வந்தது, பாருங்கள். மழையைப் பற்றி. எண்ணெய்ச் சத்தம் சோவென்று இருந்தது, அப்புறம் சிறிசாயிற்று, அப்புறம் பட்பட் என்று மட்டும் கேட்டது. துண்டைத் திருப்பிப் போடுகிற சத்தம் வரவேண்டிய நேரம். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். வரவில்லை. தீய்கிற வாசனை மெதுவாக ஹாலுக்கு வந்தது. பியூலா அடுப்பைப் பிடித்த நாளிலிருந்து ஒரு துண்டு தீய்ந்ததில்லை. "ஏட்டி, தீயிது பாரு," என்று சொல்ல வாயெடுத்தாள். மடியில் போன் அதிர்ந்தது.

இடது கையால் திருப்பினாள். நிலவூரான். எப்போதும் கவிதாயினி அவர்களே என்று ஆரம்பித்து, நிலாவையும் தென்றலையும் கூட்டிக்கொண்டு வருகிற நிலவூரான், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது? அதற்கு மேலே வெள்ளையாக இருந்தது. அவள் கண்ணிலிருந்து மட்டும்தான் கவிதை போயிருக்கிறது. அங்கே அது அப்படியே இருக்கிறது. இனி இங்கிருந்து அதைத் தொடவும் முடியாது, அவள் கையாலேயே அந்தக் கதவைச் சாத்திவிட்டாள். சோற்றுக் கை காய்ந்துகொண்டே வந்தது. இரண்டு ஆள் தூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது. வாசலில் அதன் சேலை முந்தானை தெரிகிறது. முந்தானை அசையவில்லை. இங்கேதான் இருக்கிறது என்று எழுதலாம். எனக்கு மீன் பொரிக்கிறது என்று எழுதலாம். எழுந்து போய் அந்தக் கழுத்துப் பின்னால் முடி ஒட்டியிருக்கிற இடத்தில் கையை வைக்கலாம். கை எச்சில். எழுந்து போனால், நிலவூரான் யார் என்று அவளுக்குத் தெரியும் என்பது பியூலாவுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டும், பார்த்தால் இந்தச் சோற்றை யார் சாப்பிடுவது, பேத்திகளிடம் யார் என்ன சொல்வது. ஒருவேளை அம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது என்று பியூலாவுக்குச் சந்தேகமே இல்லையோ? தாய் அறியாமல், நிலவூரானாகவேதான் கேட்கிறாளோ? இல்லை, தெரிந்துதான் ஒரு வாசல் திறந்து வைக்கிறாளோ? அம்மா, இங்கேன்னு சொல்லு, ஒரு வார்த்த சொல்லு என்று. செல்லக்கனி அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஈரச்சொல்லில் இன்னொரு வழக்கம் உண்டு. யாராவது கவிதையைப் பிடித்துக்கொண்டு குடைந்து கேட்டால், எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்கள். அவள் இடது கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தேடி அதையே எழுதினாள். கற்பனைதான் ஐயா. அனுப்பினாள். அடுப்பங்கரையில் டிங் என்றது.

நிலாவும் பனைமரமும் வந்து அந்த வரிக்குக் கீழே உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு ரோஜாப்பூ வந்தது. அப்புறம் சட்டியைச் சுரண்டுகிற சத்தம். பியூலா தட்டோடு வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கறுத்துப்போன துண்டுகளைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, தப்பித்த ஒன்றை எடுத்து அம்மாவின் சோற்றில் வைத்தாள். "ஒனக்கெதுக்குட்டி தீஞ்சது, அதத் தூரப்போடு." "தூரப்போடவா?" என்றாள் பியூலா. "அதுவும் மீனுதானே. நான் தின்னுக்கிடுதேன். நீ நல்லதத் தின்னு." தின்றார்கள். தீய்ந்த தோலைப் பியூலா பல்லால் கடித்துத் தின்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு துண்டையும் மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளையளு கேட்டுச்சு," என்றாள். "ஆச்சி ஒங்கள எப்படி ஜெபம் பண்ணி வாங்குனாங்கன்னு. எனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. அடுத்த வாரம் வந்து நீயே சொல்லு. என்னம்மா, சொல்லுவியா?" செல்லக்கனி தட்டைப் பார்த்தாள். "சொல்லுதேன்," என்றாள்.

அடுத்த வாரம் போய்ச் சொன்னாள். பேத்திகள் இரண்டும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேட்டன. முழங்கால்போட்டு எத்தனை நாள் கேட்டீங்க ஆச்சி என்று சின்னது கேட்டது, அவள் எதையோ சொன்னாள். பியூலா நிலைக்கதவில் சாய்ந்து துணி மடித்துக்கொண்டே கேட்டாள், முடிந்ததும், "இன்னொரு தடவ சொல்லும்மா, பெரியவ சரியாக் கேக்கல," என்றாள். நிலவூரானும் நின்றுவிடவில்லை. ஒரு நாள் தவறாமல் வருகிறார். ஆனால் கவிதாயினி இல்லை, நிலா இல்லை, தென்றல் இல்லை. அருமை என்று ஒரு சொல், ஒரு பூ. எல்லாரும் வைக்கிற அதே பூ. ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருத்தருடைய கவிதையைக் கையால் எழுதிப் போடுகிறார், மூடி இல்லாமல். செல்லக்கனி எழுதுவதை நிறுத்தலாம் என்றால், நிறுத்தினால் அந்தக் கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும் என்று பயம். ஆகவே சாயங்காலம் விளக்கு வைத்து, ஜெபம் பண்ணி, மூன்று பேருக்குப் பூ வைத்துவிட்டு மழையைப் பற்றியோ மல்லிகையைப் பற்றியோ நாலு வரி போடுகிறாள். போட்ட கையோடு அருமை வந்துவிடுகிறது. காலை ஜெபத்திலிருந்து அவர் பேரை இன்னும் நீக்கவில்லையாம். நீக்கத் தெரியவில்லை என்றாளாம் கிரேஸ்லின் அக்காவிடம். நீங்கள் சாயர்புரம் பக்கம் போய் அவளைப் பார்க்க நேர்ந்தால் சுகம் விசாரியுங்கள், முழங்கால் வலியை விசாரியுங்கள். இப்போது என்ன எழுதுகிறீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.